பி.ஆர்.பி: பிளேட்லெட் 2.1 லட்சத்திலிருந்து 3 லட்சம்தான் வருகிறது, எங்கே தவறுகிறது?

தட்டணு:
முழங்கால் தேய்மானத்துக்கு (கிரேடு 2, 3) பி.ஆர்.பி. (நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும், பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா) தயாரிக்கிறோம். 18 மி.லி. ரத்தம், 2 மி.லி. ஏ.சி.டி-ஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் கரைசல்). சென்ட்ரிஃபியூஜில் முதல் ஸ்பின் 2000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), 10 நிமிடம். பிளாஸ்மாவை வேறு குழாய்க்கு மாற்றி 3500-இல் இன்னொரு 10 நிமிடம். அடியில் 4 மி.லி. விட்டு மேலே உள்ளதை எடுத்துவிடுகிறோம். ஸ்விங் அவுட் ரோட்டர் (சுற்றும்போது குழாய் படுக்கையாக விரியும் வகை), மையத்திலிருந்து குழாயின் அடிவரை 15 செ.மீ. ரத்தத்தில் பிளேட்லெட் மைக்ரோ லிட்டருக்கு 2.1 லட்சம், கடைசியில் கிடைப்பது 3 லட்சம். சில நாள் அடியில் வெள்ளைத் துணுக்குகளும் தெரிகின்றன. எதை மாற்றுவது?

இன்னொன்று: போர்டில் இதை "ஸ்டெம் செல் ஊசி" என்று எழுதலாமா என்று நிர்வாகம் கேட்கிறது.

மெதுவாகச் சுற்று:
ஆர்.பி.எம். எண்ணை வேறொருவர் புரோட்டோகாலிலிருந்து அப்படியே எடுத்தால் இதுதான் நடக்கும். அவர் ரோட்டர் வேறு, உங்களுடையது வேறு. ஜி (புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசை) கணக்கு போடுங்கள்: 0.00001118 × ஆரம் (செ.மீ.) × ஆர்.பி.எம். × ஆர்.பி.எம்.

உங்கள் 15 செ.மீ.க்கு 2000 என்றால் சுமார் 670 ஜி. முதல் ஸ்பின்னுக்கு அது மிக அதிகம். பிளேட்லெட்டில் பாதிக்கு மேல் சிவப்பணுவோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும், நீங்கள் உறிஞ்சுவது வெறும் பிளாஸ்மா. 200 ஜி போதும், அதாவது 1100 ஆர்.பி.எம்., 10 நிமிடம், பிரேக் போடாமல். பிரேக் பிடித்தால் பிரிந்த அடுக்கு கலங்கும்.

இரண்டாவது 3500 என்பது 2000 ஜியைத் தாண்டுகிறது. துணுக்குக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். அழுத்தி அடித்த பிளேட்லெட் ஒட்டிக்கொண்டு பிரியாது, மூட்டுக்குப் போகும் முன்பே கிளர்ந்துவிடும் (ஆக்டிவேட் ஆகிவிடும்). 2450-க்கு (1000 ஜி) இறக்குங்கள். ஸ்பின் முடிந்ததும் 10 நிமிடம் அப்படியே வைத்துவிட்டு, பிறகு குழாயை மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கலக்குங்கள். சிரிஞ்சால் வேகமாக உறிஞ்சித் தள்ள வேண்டாம். ஃபிரிட்ஜிலும் வைக்க வேண்டாம், குளிரிலும் கிளரும்.

துணுக்கு இருக்கும் சாம்பிளில் கவுன்ட்டர் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், கட்டிகளை அது பிளேட்லெட்டாக எண்ணாது. ஒரு ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) போட்டுப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஸ்பின் சரியானாலும் டோஸ் போதாது. மி.லி.க்கு 21 கோடி, 18 மி.லி.யில் 378 கோடி பிளேட்லெட். உங்கள் கையில் வருவது 30 × 4 = 120 கோடி, மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

2021-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ரெஸ்டோர் ஆய்வில் 288 பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டு, உப்பு நீரோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் வலியிலும் குருத்தெலும்பின் கனஅளவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதில் போட்ட பி.ஆர்.பி. சுமார் 3.25 லட்சம், ஏறக்குறைய உங்களுடையதேதான். அதே ஆண்டு இந்திய ஆய்வொன்று 8 மி.லி.யில் 1000 கோடி கொடுத்துப் பலன் கண்டது. 70 சதவீதம் மீட்டாலும் அந்த 1000 கோடிக்கு இந்த நோயாளியிடம் 68 மி.லி. ரத்தம் வேண்டும். 20 மி.லி. கிட் விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள்.

வெள்ளணு சேரலாமா கூடாதா என்று ரொம்ப மெனக்கெட வேண்டாம். போலோன்யாவின் ரிட்சோலி நிறுவனத்தில் 192 பேரிடம் இரண்டு வகையையும் ஒப்பிட்டதில் பலனில் வித்தியாசம் இல்லை.

கிரேடு 3:
போர்டு விஷயம்: எழுதக் கூடாது. பிளேட்லெட்டில் உட்கருவே கிடையாது, அது எப்படி ஸ்டெம் செல் ஆகும்? ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுநெறிப்படி ரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் எல்லாம் மருத்துவ ஆய்வுக்குள்தான். பின்னர் 2022-இல் முழங்கால் தேய்மானத்துக்கு அனுமதி பெற்றது பெங்களூரு ஸ்டெம்ப்யூட்டிக்ஸின் தயாரிப்பு. அது கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல். அதற்கும் உங்கள் குழாயில் இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

உண்மையான செல் என்றாலும் அதிகம் வாக்குக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் 475 பேரிடம் எலும்பு மஜ்ஜையைச் செறிவாக்கியது, கொழுப்புத் திசு செல், தொப்புள்கொடி செல் மூன்றையும் ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள் (2023). ஓராண்டில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை.

ஊசி போடும்போது: மூட்டில் நீர் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மருந்து நீர்த்துப்போகும். மரப்பு மருந்து தோலோடு நிற்கட்டும், மூட்டுக்குள் போனால் குருத்தெலும்புச் செல்லுக்குக் கெடுதல். ஒரு வாரம் முன்பே டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் நிறுத்தச் சொல்லுங்கள், ஊசிக்குப் பின் வலிக்குப் பாராசிட்டமால். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் என்றால் இதய மருத்துவரைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.

தட்டணு:
1100 / 2450-க்கு மாற்றியதும் 6.4 லட்சம். துணுக்கு இல்லை, ஸ்மியரும் சுத்தம். ரத்த அளவைக் கூட்டப் போகிறோம். வயதானவர்களிடம் 60 மி.லி. எடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
256 கோடி, 68 சதவீத மீட்பு. நல்ல எண். ரத்ததானத்தில் 350 மி.லி. எடுக்கிறார்கள், 60 பெரிதல்ல. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழோ பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழோ இருந்தால் மட்டும் பி.ஆர்.பி.யே வேண்டாம்.