அம்மாவுக்குப் பாட்டுக் கேக்கவே ஏலாமப் போச்சு, பாட்டாலயே திரும்ப ஏதும் செய்யலாமோ?

கேட்டவர்: வள்ளிபுனத்துப் பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம், விளங்கின ஆக்கள் ஆராவது இருந்தா சொல்லுங்கோ. நான் புதுக்குடியிருப்புப் பக்கம், அம்மாவோட இருக்கிறன், அவவுக்கு இப்ப அறுபது கிட்டுது. முந்தி எங்கட வீட்டில பாட்டில்லாத நேரமே இல்லை, வயலில நெல்லு அரிவி வெட்டேக்க அம்மாதான் முதல் அடி எடுத்துக் குடுக்கிறது மற்றப் பொம்பிளையள் பின்னால சொல்லுவினம், அடுப்படியில எந்த நேரமும் றேடியோ பாடிக்கொண்டிருக்கும். 2009 இல மாத்தளனில இருந்து முள்ளிவாய்க்காலுக்குப் போகேக்க அண்ணாவைத் தவற விட்டிட்டம், இண்டு வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. பிறகு செட்டிகுளம் முகாம், பிறகு திரும்ப ஊர். அதுக்குப் பிறகு அம்மா வாய் திறந்து பாடினதை நான் கேக்கவே இல்லை.

பாடாட்டிப் பரவாயில்லை, இப்ப கேக்கவும் ஏலாது. கோயில்ல மேளம் உரத்தா கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், வெடி கொளுத்தினா கேக்கவே வேண்டாம். வைகாசி வந்தா இன்னும் மோசம், சண்டை முடிஞ்ச மே 18உம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் கிட்டக் கிட்டத்தானே வாறது, ஊரெல்லாம் பொங்கலுக்கு வெளிக்கிட இவ நித்திரை இல்லாமத் திண்ணையில குந்திக்கொண்டிருப்பா.

வெளிநாட்டில இருக்கிற மாமி ஒருத்தி வட்ஸ்அப்பில வீணை வீடியோ ஒண்டு அனுப்பி இந்த ராகத்தைக் கேட்டா மன அழுத்தம் போகும் எண்டவ. போட்டுவிட்டன், அம்மா கொஞ்ச நேரம் இருந்திட்டு ஒண்டும் சொல்லாம எழும்பிக் கிணத்தடிக்குப் போயிட்டா. ஆனா போன கிழமை பக்கத்து வீட்டு றேடியோவில பழைய பாட்டொண்டு போக இவ வேலியடியில நிண்டு முழுக்கக் கேட்டு நல்லா அழுதவ, அண்டைக்கு இரவு நித்திரையும் கொண்டவ. இது நல்லதோ கெட்டதோ? என்ன மாதிரிப் பாட்டுப் போடலாம், இல்லை அப்பிடியே விடுறதோ?

பதில்: உளசமூகப் பணியாளர், கிளிநொச்சி

தங்கச்சி, உங்கட அம்மாவைப் போல கனபேரோட வேலை செய்யிறன், அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன், பொறுமையா வாசியுங்கோ.

வேலியடியில நடந்ததையும் வீணைக்கு எழும்பிப் போனதையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ. றேடியோப் பாட்டு அவவின்ர பாட்டு, தூரத்தில இருந்து வந்தது, வேண்டாமெண்டா நடந்து போயிடலாம். வீணை நீங்கள் தெரிஞ்செடுத்துப் பக்கத்தில வச்சது. எங்களிட்ட வாறவைக்கு அந்தக் காலத்தில எதுவும் தங்கட கையில இருக்கேல்லை, எப்ப எங்கயிருந்து என்ன சத்தம் வருமெண்டு தெரியாம இருந்தவை, அதால இப்பவும் திடீரெண்டு வாற சத்தத்துக்கு மனம் நினைக்க முதல் உடம்பு பயந்திடும். மேளத்துக்குக் கை நடுங்கிறது அதுதான், அது பக்தி குறைஞ்சதோ வீம்போ இல்லை, ஊராக்கள் அப்பிடிச் சொன்னா நீங்கள் எடுத்துச் சொல்லுங்கோ. அப்ப முதல் வேலை என்னெண்டா நிப்பாட்டிற பட்டனை அவவின்ர கையில குடுக்கிறது. என்ன பாட்டெண்டு அவவே சொல்லட்டும், சத்தம் குறைவா இருக்கட்டும், பகல்ல போடுங்கோ, ஒரு பாட்டோட நிப்பாட்டுங்கோ. இயர்போன் மாட்டிவிடாதேங்கோ, சுத்திவர என்ன நடக்குதெண்டு கேக்காட்டி இப்பிடியான ஆக்களுக்குப் பதட்டம் கூடும்.

அழுகை வந்தா பயப்பிடத் தேவையில்லை. அழுது முடிய மூச்சு ஆறுதா, தேத்தண்ணி குடிக்கிறாவா, உங்களோட ஒரு கதை கதைக்கிறாவா எண்டு பாருங்கோ, அப்பிடியெண்டா நல்லது. அதே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு நாள் முழுக்கச் சுருண்டு கிடந்தா, இல்லாட்டி கூப்பிடக் கூப்பிடப் பதில் சொல்லாம ஒரு பக்கம் வெறிச்சுப் பாத்தா, பாட்டை நிப்பாட்டிப்போட்டுக் கால் ரெண்டையும் நிலத்தில ஊண்டச் சொல்லி "அம்மா நாங்கள் வீட்டில நிக்கிறம், நான் பக்கத்தில நிக்கிறன்" எண்டு மெல்லமாச் சொல்லுங்கோ, முகத்துக்குத் தண்ணி குடுங்கோ.

துக்கத்தில இருக்கிற ஆளுக்குக் குதியாட்டப் பாட்டுப் போட்டா மனம் மாறும் எண்டு கனபேர் நினைக்கினம். 1940களிலயே அமெரிக்காவில அல்ட்சூலர் எண்ட மனநல வைத்தியர் அதுக்கு எதிரான வழியைத்தான் சொன்னவர், ஆள் என்ன மனநிலையில இருக்கிறாரோ அதுக்குக் கிட்டின இசையில தொடங்கி மெல்ல மெல்ல மாத்திக்கொண்டு போகோணும். அம்மாக்கு முதல்ல துக்கப் பாட்டுத்தான் பிடிக்குதெண்டா மறிக்காதேங்கோ.

இன்னொண்டு, பாடாட்டியும் முனகலாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" எண்டு இழுத்து முனகேக்க மூச்சு வெளிய போறது நீளும், வெளிய விடுற மூச்சு நீள நீள நெஞ்சுப் படபடப்புக் குறையும். நீங்கள் தொடங்குங்கோ, கூட்டிக்கொண்டோ சட்டி கழுவிக்கொண்டோ, அவவைச் செய்யச் சொல்லாதேங்கோ.

பதில்: சங்கீத ரீச்சர், வவுனியா

அக்கா சொன்னதோட நான் ராக விசயம் மட்டும் சொல்லுறன், ஏனெண்டா இந்த வீடியோக்களால எனக்குச் சரியான கவலை. இந்த ராகம் பிறசருக்கு, இது சலரோகத்துக்கு எண்டு போடுறதுகளை நம்பி ஆக்கள் மருந்தை நிப்பாட்டிப் போடுதுகள். நீலாம்பரியில தாலாட்டுப் பாடுறது எங்கட வழக்கம், கேக்க நித்திரை வாறமாதிரித்தான் இருக்கும், ஆனா அதுக்கெண்டு அது குளிசை ஆகாது. முகாரி எண்டாலே அழுகை எண்டுவினம், தியாகராஜர் சபரியின்ர பாக்கியத்தை வியந்து பாடின கிருதியும் முகாரிதான், அதில எங்க அழுகை இருக்கு? கேக்கிற ஆள் சின்னனில எதைக் கேட்டு வளந்தவ எண்டதுதான் பெரிய விசயம். உங்கட அம்மா அரிவி வெட்டில பாடி வளந்தவ, அவவுக்கு வீணை ஒட்டாதது ஒரு குறையே இல்லை.

இசையால ஒண்டும் ஏலாது எண்டும் நான் சொல்லேல்லை. மனச்சோர்வுக்கு இசைச்சிகிச்சை உதவுமோ எண்டு 2017 இல கொக்ரேன் எண்ட மருத்துவ ஆய்வு அமைப்பு 9 ஆய்வுகளைச் சேத்துப் பாத்தது, மொத்தம் 421 பேர், வழமையான வைத்தியத்தோட இசைச்சிகிச்சையும் எடுத்தவைக்கு வைத்தியம் மட்டும் எடுத்தவையை விடக் குறுகிய காலத்தில சுகம் கூடத் தெரிஞ்சது. ஆனா அது படிச்ச ஒராள் நேர இருந்து நோயாளியோட சேந்து வாசிச்சும் பாடியும் கேட்டும் செய்யிறது, போன்ல வீடியோ போட்டுவிடுறது இல்லை. வைத்தியத்தை விட்டிட்டுப் பாட்டுக் கேள் எண்டு அதில ஆரும் சொல்லவும் இல்லை.

பதில்: மத்தளக்காரன், முள்ளியவளை

பிள்ளை, எனக்குப் படிப்பு ஒண்டும் இல்லை, கூத்துக்கு மத்தளம் அடிக்கிறவன். எங்கட பக்கம் கோவலன் கூத்து, முல்லைமோடி எண்டு சொல்லுறது, தலைமுறை தலைமுறையா ஆடுறம். சண்டைக்குப் பிறகு திரும்பப் பழகத் தொடங்கேக்க வந்தவையில முக்கால்வாசிப் பேர் வீட்டில ஆரையாவது பறிகுடுத்தவை. ஆரும் தங்கட கதையைச் சொல்லேல்லை. ஆனா கண்ணகி அரசனிட்ட நீதி கேக்கிற இடம் வந்தா பாத்துக்கொண்டிருக்கிற பொம்பிளையள் எல்லாம் சீலைத் தலைப்பால கண்ணைத் துடைப்பினம், ஏன் அழுகிறாய் எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம், கேக்கத் தேவையும் இல்லை.

நான் சொல்ல வந்தது பிற்பாட்டு. கூத்தில முன்னுக்கு ஒராள் பாட பின்னால நிக்கிற நாங்கள் எல்லாரும் திருப்பிச் சொல்லுவம், அதில தனிய ஆற்ற குரலும் வெளிய தெரியாது, தொண்டை அடைச்சா ஒரு வரியை விடலாம், பக்கத்தில நிக்கிறவன் கொண்டு போவான், அடுத்த வரியில திரும்பச் சேரலாம். உங்கட அம்மாவுக்கு முதல் அடி எடுத்துக் குடுக்கிறது இப்ப ஏலாமல் இருக்கும், பின்னால சொல்லுறது ஏலும். அவவோட அந்த நாளில அரிவி வெட்டின பொம்பிளையள் ரெண்டு மூண்டு பேரெண்டாலும் இப்பவும் ஊரில இருப்பினமே, ஒரு பின்னேரம் வரச்சொல்லித் தேத்தண்ணி வச்சுக் குடுங்கோ, அவையைத் தொடங்கச் சொல்லுங்கோ. இப்ப வயலுக்க மெசின் வந்தாப்போல அரிவிச்சிந்தும் குருவிப்பள்ளும் ஆர் பாடுறது, அவவிட்டத்தான் அந்தப் பாட்டுகள் மிச்சம் கிடக்கு, எங்கட பெடியளுக்குச் சொல்லிக் குடுக்க ஆளில்லாமக் கிடக்கு.

பதில்: காத்திருக்கிறவள்

தங்கச்சி, என்ர அவரும் அந்த நேரம்தான். 2017 மாசியில கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்டவைக்காகப் பந்தல் போட்டுப் போராட்டம் தொடங்கின நாளில இருந்து நானும் போய் இருக்கிறன், அதால அம்மாவின்ர மனம் கொஞ்சம் விளங்கும் எண்டு நினைக்கிறன். செத்தவீடு எண்டா நாலு பொம்பிளையள் தோளில கைபோட்டு ஒப்பாரி சொல்லி அழுது ஆறுவம். எங்களுக்கு அதுவும் இல்லை, ஒப்பாரி சொன்னா அவர் இல்லையெண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி, சொல்லாட்டி அது நெஞ்சுக்கையே கிடக்குது. சந்தோசமாப் பாடினா அவரை மறந்திட்டாள் எண்டு சனம் சொல்லுமோ எண்டும் இருக்கும். உங்கட அம்மாவும் அண்ணாவுக்காகத்தான் பாட்டை நிப்பாட்டி வச்சிருக்கிறாவோ தெரியாது.

நான் செய்யிறது என்னெண்டா அவருக்குப் பிடிச்ச பாட்டுகளை மகளுக்குச் சொல்லிக் குடுக்கிறன், வந்தா மகள் பாடிக் காட்டுவாள் எண்டு. அண்ணாவுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் எண்டு அம்மாவிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ, நிண்ட நிலையில கேக்காம நல்லா ஆறுதலா இருக்கிற நேரமாப் பாத்து.

பதில்: வள்ளிபுனத்துப் பிள்ளை

எல்லாருக்கும் நன்றி, வாசிச்சுப்போட்டு நல்லா அழுதிட்டன். பிற்பாட்டு விசயம் எனக்கு உடன பிடிபட்டிட்டுது, மத்தளக்கார ஐயா, அம்மாவோட வெட்டினவையில ஒரு ஆச்சி கைவேலியில இருக்கிறா, அவவிட்டப் போய்க் கேக்கப் போறன். அண்ணாவின்ர பாட்டு எனக்கே தெரியும், ஆனாலும் அக்கா சொன்ன மாதிரி அம்மா வாயால வரட்டும். நித்திரை இல்லாததுக்கும் நடுக்கத்துக்கும் ஆஸ்பத்திரி போகோணுமோ? விசர் எண்டு சொல்லிப்போடுவினம் எண்டு அவ மாட்டன் எண்டுறா.

பதில்: உளசமூகப் பணியாளர், கிளிநொச்சி

கட்டாயம் போங்கோ தங்கச்சி, இவ்வளவு காலமா இருக்கிற நடுக்கமும் நித்திரையின்மையும் பாட்டால மட்டும் தீராது. முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவை விசாரியுங்கோ. அம்மாவிட்ட மனநலம் எண்டு தொடங்காம நித்திரைக்குக் காட்டுவம் எண்டு கூட்டிக்கொண்டு போங்கோ, அது பொய்யும் இல்லை, நித்திரையைப் பற்றித்தான் முதல்ல கேப்பினம். மருந்து தந்தா சுகம் எண்டவுடன அவங்களைக் கேக்காம நிப்பாட்ட வேண்டாம். இரவில தாங்கேலாமப் போனா, உயிரை விடுற மாதிரி ஏதும் கதைச்சா, 1926 க்கு அடியுங்கோ, அது தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம், 24 மணித்தியாலமும் எடுப்பினம். வைகாசி வாறதுக்கு முன்னமே ஒருக்காக் காட்டிப்போடுங்கோ, பொங்கல் நேரம் மேளச் சத்தத்துக்கு என்ன செய்யிறது எண்டதையும் அங்கயே இருந்து கதைச்சு வைக்கலாம்.