கிராண்ட் கேன்யன் ஆற்றுப் பயணம்: உங்கள் திட்டத்தில் இல்லாத எது வந்து எதிரில் நின்றது?

ஆற்றில் இறங்கும் அனுமதிக்கான குலுக்கலில் எங்களுக்குத் தேதி விழுந்துவிட்டது. அடுத்த ஆகஸ்டில் லீஸ் ஃபெர்ரியில் படகு இறக்கி, கொலராடோ ஆற்றில் 226 மைல் போய் டயமண்ட் க்ரீக்கில் கரையேறுகிறோம். 16 நாள், 16 பேர், ஐந்து ராஃப்ட் (காற்றடைத்த ரப்பர் படகு). வழிகாட்டி கிடையாது, துடுப்பும் நாங்களே. சமையல் பட்டியலில் தொடங்கிக் கயிற்று நீளம் வரை எக்செல்லில் ஏற்றியாயிற்று. லாவா ஃபால்ஸ் ரேப்பிட் (பாறைகளுக்கிடையே ஆறு சீறிப் பாயும் இடம்) காணொளிகள் எல்லோருக்கும் மனப்பாடம், அதனால் லாவா கதை மட்டும் வேண்டாம். போய்வந்தவர்கள் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: உங்கள் எக்செல்லில் இல்லாத எது வந்து நின்றது?

பதில் 1

எங்களுக்கு வந்து நின்றது ஒன்றுமில்லை. இருந்தது போய்விட்டது. தண்ணீர்!

இரண்டாவது இரவு அழகான ஒரு மணல் திட்டு. ஆறு காலை நக்கிக்கொண்டு ஓடுகிறது. படகுகளை நெருக்கமாகக் கட்டிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தோம். விடிந்து பார்த்தால் 18 அடி ராஃப்ட் இரண்டும் மணலில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு வாரச் சாப்பாடு, ஐஸ் பெட்டிகள், சட்டகம் எல்லாம் ஏற்றிய படகு. பன்னிரண்டு பேர் தள்ளியும் அசையவில்லை. எல்லாவற்றையும் இறக்கி, படகைத் தண்ணீருக்கு இழுத்து, திரும்ப ஏற்றிக் கட்டி முடிப்பதற்குள் காலைப் பொழுது முழுக்கப் போயிற்று. பிறகு மத்தியானம் எதிர்க்காற்று. அன்றைக்கு ஓட வேண்டிய மைலில் பாதிதான் ஓடினோம்.

லீஸ் ஃபெர்ரிக்கு 15 மைல் மேலே க்ளென் கேன்யன் அணை இருக்கிறது. 1963-இல் மதகை அடைத்ததிலிருந்து இந்த ஆறு மழையைப் பார்த்து ஓடவில்லை, மின்சாரத் தேவையைப் பார்த்து ஓடுகிறது. ஊர் விழித்திருக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான கனஅடி கூடும், ஊர் தூங்கினால் குறையும். குழப்பம் என்னவென்றால், அந்த ஏற்றமும் இறக்கமும் கீழே வந்து சேர நேரம் பிடிக்கும். லீஸ் ஃபெர்ரியிலிருந்து 88-ஆவது மைலில், பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் தங்குமிடமான ஃபேன்டம் ராஞ்ச் பக்கம் வருவதற்குப் பாதி நாளுக்கு மேல் ஆகிவிடும். ஆகவே முதல் முகாமில் தண்ணீர் வடிந்த நேரத்தை வைத்து ஐந்தாவது முகாமைக் கணக்குப் போட முடியாது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது: கரையில் இறங்கியதும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டுவிடுவோம். சாப்பிட்ட பிறகு ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை பார்ப்போம். சரிவாக நீளும் மணல் பார்க்க அழகு, படகுக்கு ஆகாது. கரை செங்குத்தாக இறங்கும் இடம்தான் நல்லது. தினம் ஒருவர் படகிலேயே படுப்பார். அடியில் மணல் உரசும் சத்தம் கேட்டால் எழுந்து தள்ளிவிட வேண்டும்.

பதில் 2

ஆகஸ்ட் என்றால் பருவமழைக் காலம். தலைக்கு மேலே நீலவானம் இருக்கும்போதே வெள்ளம் வரும், ஏனென்றால் மழை பெய்வது பீடபூமியில் எங்கோ. ஒரு சாயங்காலம் பக்கவாட்டு ஓடை ஒன்றின் வாயில் சமதளமான இடம் கிடைத்தது, எல்லோருக்கும் வாயெல்லாம் பல். எங்கள் குழுவில் வயதான ஒருவர் மட்டும் கூடாரம் அடிக்கவில்லை. அங்கிருந்த மரத்தைக் காட்டினார். என் தலைக்கு மேலே கிளையில் காய்ந்த சருகும் சுள்ளியும் சிக்கியிருந்தன. “அதை யார் அங்கே வைத்தார்கள்?” என்று கேட்டார். முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் மேட்டுக்குத் தூக்கினோம்.

அன்றிரவு ஒன்றும் வரவில்லை. மறுநாள் வந்தது, வேறு இடத்தில். இடி இரண்டு, அடுத்த அரைமணியில் பாறை விளிம்பிலிருந்து சிவப்பாக அருவி கொட்டுகிறது. காய்ந்து கிடந்த ஓடையில் கல் உருளும் சத்தம். தண்ணீர் சத்தத்தைவிட அதுதான் வயிற்றைக் கலக்கியது. ஓர் ஓடை என்ன செய்யும் என்பதற்குக் கிரிஸ்டல் ரேப்பிட்டே சாட்சி. 1966 டிசம்பரில் ஒரே ஒரு மழைவெள்ளம் பாறைகளைக் கொண்டுவந்து ஆற்றில் தள்ளியது, அதுவரை பெரிதாக யாரும் பயப்படாத இடம் ஆற்றிலேயே மோசமான ரேப்பிட்டுகளில் ஒன்றாகிவிட்டது.

இன்னொன்று. லிட்டில் கொலராடோ வந்து சேரும் இடத்தை (61-ஆவது மைல்) படங்களில் நீலப்பச்சையாகப் பார்த்திருப்பீர்கள். நாங்கள் போனபோது சாக்லேட் கரைத்ததுபோல் வந்தது. அதற்குக் கீழே முழு ஆறும் அதே நிறம். ஃபில்டர் இரண்டு லிட்டருக்குள் அடைத்துக்கொண்டது. வாளியில் படிகாரம் போட்டு இரவு முழுக்கத் தெளியவைத்து, மேல்தண்ணீரை மட்டும் வடிகட்டிக் குடித்தோம். படிகாரம் காசு பெறாத சாமான். எக்செல்லில் ஒரு வரி சேருங்கள், வாளிகளையும்.

பதில் 3

அண்டங்காக்கை. ஜிப்பைத் திறக்கும். பொய் சொல்லவில்லை, என் கண்முன்னே திறந்து பாதாம் பையை எடுத்துக்கொண்டு போயிற்று.

பதில் 4

பாதம். ஈரம், மணல், வெயில், மறுபடி ஈரம். நாலாவது நாள் தோல் வெடிக்கும், ஏழாவது நாள் நடக்க முடியாது. தினம் சாயங்காலம் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, களிம்பு பூசி, காய்ந்த சாக்ஸ் போட்டுப் படுங்கள். அந்தச் சாக்ஸை நனையாத பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறை பற்றிக் கேட்கக் கூச்சமாக இருக்கும், நானே சொல்கிறேன். சிறுநீர் ஆற்றில்தான், அதுதான் அங்கே விதி. கரை மணலில் விட்டால் பாலைவனத்தில் அதைக் கழுவும் அளவுக்கு மழை வராது, முகாமே நாறும். மற்றதெல்லாம் இரும்பு டப்பாவில் அடைத்துக் கடைசி வரை கூடவே வரும். அந்த டப்பாவுக்கு ‘குரூவர்’ என்று பெயர். அந்தக் காலத்தில் இருக்கை இல்லாத ராணுவத் தோட்டாப் பெட்டி, உட்கார்ந்து எழுந்தால் தொடையில் கோடு (ஆங்கிலத்தில் groove) விழுமாம், அதனால் அந்தப் பெயர். அதைச் சுமக்கும் முறையைக் கிளம்புவதற்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள். எங்கள் குழுவில் முதல் சண்டை அதில்தான்.

பதில் 5

சண்டை என்றதும் ஞாபகம் வருகிறது. எங்களில் ஒருவர் ஃபேன்டம் ராஞ்சில் பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். ஆகஸ்ட் வெயிலில் பிரைட் ஏஞ்சல் பாதை, 4,000 அடிக்கும் மேல் ஏற்றம். ரேப்பிட் பயமில்லை. யார் சமைப்பது, யார் பாத்திரம் கழுவுவது, அவ்வளவுதான். அவர் ஓட்டிய படகை யார் ஓட்டுவது என்று நாங்கள் யோசித்தே இருக்கவில்லை.

இந்த ஆற்றில் படகில் ஆய்வுப் பயணம் போன ஜான் வெஸ்லி பாவலின் 1869 பயணத்திலும் மூன்று பேர் செபரேஷன் கேன்யனில் ஆகஸ்ட் 28 அன்று பிரிந்து மேலே ஏறினார்கள், திரும்பவே இல்லை. மற்றவர்கள் இரண்டே நாளில் வெளியே வந்துவிட்டார்கள். ரேப்பிட்டுக்குப் பயந்தா, பசியிலா, தலைவரோடு ஒத்துப்போகாமலா என்று இன்றைக்கும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கென்னவோ பாத்திரம் கழுவியதும் ஒரு காரணமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

ஒவ்வொரு படகுக்கும் இரண்டு பேர் ஓட்டப் பழகியிருக்கட்டும்.

கேட்டவர்

எக்செல்லில் புதிதாக ஆறு வரிகள். குச்சி, வாளி, படிகாரம், சாக்ஸ், டப்பா முறை, மாற்று ஓட்டுநர். ஒரு சந்தேகம் மட்டும்: இரவில் படகில் படுக்க யாரைப் போடுவது? ஒருவரும் முன்வரவில்லை.

பதில் 1

குறட்டை விடுகிறவரை.