மறு: மறு: வண்டியில் மின்சாரம் 'செத்துவிட்டது' என்பதற்கு ஒரு சொல் (வியாழன் மதியத்துக்குள்)

கோயம்புத்தூர், தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். மின்கார் பழுதுபார்ப்பு வகுப்புக்கு ஓர் அறிவிப்புப் பலகை அடிக்க வேண்டும். வியாழன் மதியம் அச்சகத்துக்குப் போகிறது. வண்டியின் முன்கண்ணாடியில் மாட்டுவது. 'உயர் மின்னழுத்தப் பகுதியில் இப்போது மின்னழுத்தம் இல்லை, அளந்து பார்த்தாயிற்று' என்பதை ஒரே சொல்லில் சொல்ல வேண்டும். கையேட்டில் டீ-எனர்ஜைஸ்டு என்று இருக்கிறது. மொழிபெயர்த்தவர் 'ஆற்றல் நீக்கப்பட்டது' என்று கொடுத்தார். ஒரு மாணவன், "வண்டி சோர்ந்துவிட்டதா ஐயா?" என்று கேட்டான்.

வண்டித் துறையில் நேர்மின்னோட்டம் 60 வோல்டைத் தாண்டினாலே உயர் மின்னழுத்தம்தான். ஆரஞ்சு நிறக் கேபிள் எல்லாம் அதுதான். சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கினால் பேட்டரியின் தொடர் நடுவில் அறுபடும். ஆனால் பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மோட்டாருக்கு மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் மின்தேக்கி உடனே அடங்காது. சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். பிறகு மீட்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, இங்கே வைத்துச் சுழியைப் பார்த்து, மறுபடியும் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் மீட்டரே பழுதாகியிருந்தால் அதுவும் சுழிதான் காட்டும். ஆகவே 'பிளக் பிடுங்கியாயிற்று' என்ற பொருள் மட்டும் போதாது.

மயிலாடுதுறை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சொல் நம்மிடமே இருக்கிறது. அவிதல். விளக்கு அவிந்தது என்கிறோம். புறநானூற்றில் பிசிராந்தையார் சான்றோரை 'ஆன்றவிந்தடங்கிய' என்கிறாரே, தங்கள் மின்தேக்கியின் சரித்திரம் அந்த ஒரு தொடருக்குள் இருக்கிறது: நிறைந்தது, அவிந்தது, அடங்கியது. 'மின்னவிந்த நிலை' என்று போடுங்கள். அவி, ஆவி, அவியல் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

சாவைச் சொல்லக் கூசினால் மங்கல வழக்கு இருக்கிறது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்பது போல 'மின் துஞ்சிய வண்டி'.

யாழ்ப்பாணம், கராஜ் வைத்திருப்பவர்:

ஐயா கோபிக்கக் கூடாது. துஞ்சுதல் என்றால் உறங்குவதும்தான். எங்கள் தொழிலில் ஆளைக் கொல்வதே உறங்குகிற வண்டிதான். இங்கு வருவதில் பாதி ஜப்பான் ஹைபிரிட். ப்ரியஸ் சத்தமே இல்லாமல் நிற்கும், எஞ்சின் ஓடாது, ரெடி விளக்கு மட்டும் எரியும். நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துப் பொனற்றைத் திறப்பவர்கள் உண்டு. சாவி சட்டைப்பையில் இருந்தாலே போதும், யாராவது பொத்தானை அழுத்தினால் வண்டி விழித்துக்கொள்ளும். செத்ததையும் உறங்குவதையும் ஒரே சொல்லால் சொல்லும் மொழி புலவருக்கு ஆகும், எங்களுக்கு ஆகாது.

'அவிந்த' என்பதும் சிரமம். என் பையன்கள் அவித்த மரவள்ளிக்கிழங்கைத்தான் நினைப்பார்கள்.

2003ஆம் ஆண்டு வந்த ப்ரியஸில் பற்றரி 201.6 வோல்ற், இன்வேற்றர் அதை 500 வரை ஏற்றும். பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடமாவது நான் பொறுப்பேன். நான் கழற்றியதும் அதை என் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். மேசையில் வைத்தால் யாராவது உதவி செய்வதாக நினைத்துத் திரும்பப் போட்டுவிடுவார்கள்.

திருச்சி, மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற போர்மேன்:

முதலில் 'உயர் மின்னழுத்தம்' என்பதையே நான் ஏற்கவில்லை. 400 வோல்ட் எங்களுக்குத் தாழ்வழுத்தம். உயரழுத்தம் என்றால் 11,000 வோல்ட். காரில் இருப்பதை உயர் என்று எழுதினால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள்.

சொல்லுக்கு இவ்வளவு அலைவானேன்? லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்ற அனுமதி) வாங்கியாயிற்றா, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போட்டாயிற்றா, ஏறு. ஐம்பது வருடமாக லைன்மேனுக்குப் புரிகிற மொழி இதுதான்.

கோயம்புத்தூர்:

போர்மேன் ஐயா, எர்த் ராடை மட்டும் இங்கே கொண்டுவந்துவிடாதீர்கள். காரில் இந்தச் சுற்றின் ப்ளஸ்ஸும் சேஸிஸை, அதாவது வண்டியின் உடலைத் தொடாது, மைனஸும் தொடாது. மிதந்துகொண்டிருக்கும். அதனால் ஓரிடத்தில் கசிந்தால் ஒருவருக்கும் ஷாக் அடிக்காது. வண்டி மட்டும் எச்சரிக்கை விளக்கைப் போடும். இன்னோரிடத்திலும் கசிந்தால் ஆபத்து. நேர்மின்னோட்டச் சுற்றுக்கு வோல்ட் ஒன்றுக்குக் குறைந்தது 100 ஓம் காப்பு (இன்சுலேஷன்) இருக்க வேண்டும், மாறுமின்னோட்டத்துக்கு 500 ஓம் என்பது விதி. கடுமையான எண்ணை எடுத்துக்கொண்டு 400 வோல்டுக்கு 500ஆல் பெருக்கினால் இரண்டு லட்சம் ஓம். காப்பை அளக்கும் மெக்கர் கருவியை வைத்து அதைத்தான் பார்க்கிறோம்.

காப்பு என்றதும் மாணவர்கள் கையில் போடுவதைச் சொல்கிறார்கள். அது வேறு வழக்கு.

மயிலாடுதுறை:

நூலுக்கு முன் பாடுவதும் காப்புதான். இன்சுலேஷன் சோதிக்காமல் வேலையைத் தொடங்காதே என்று பழம்புலவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள்!

யாழ்ப்பாணம்:

இங்கே காவலி என்போம். உங்கள் மின்தேக்கி எங்களுக்குக் கொள்ளளவி. உங்கள் சுழி எங்களுக்குப் பூச்சியம். பலகை கடல் தாண்டாது என்பதால் வாதிடவில்லை.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

'மின்னற்ற நிலை' என்று வைக்கலாமே? அகராதி பார்க்காமல் விளங்கும். அதுவும் வேண்டாம் என்றால் 'கரண்ட் இல்லை'. கரண்ட் என்ற சொல் தெரியாத தமிழர் இல்லை. வடசொல்லையே எழுத்தை மாற்றிச் சேர்த்துக்கொள் என்று தொல்காப்பியம் வழி விட்டிருக்கிறது.

மயிலாடுதுறை:

அது செய்யுளுக்குச் சொன்ன விதி, தம்பி. கண்ட சொல்லையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவதற்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு அன்று. பட்டறைச் சொல் வேண்டுமென்றால் குழூஉக்குறி என்று ஒப்புக்கொண்டு வையுங்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். அதற்காக நகைக்கடைப் பலகையில் பறிக்கடை என்று எழுதுவதில்லை.

திருச்சி:

இலக்கணம் இருக்கட்டும். பள்ளிப் பாடத்தில் மின்தடை என்றால் ஓம் கணக்கு. நாளிதழில் மின்தடை என்றால் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை ஊருக்கு மின்சாரம் கிடையாது. ஒரே சொல். இதைச் சரிசெய்ய யாராவது மடல் எழுதினீர்களா?

மதுரை, மெய்ப்புத் திருத்துபவர்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 'மின்னற்ற' வேண்டாம். மின் + அற்ற, மின்னற்ற. தனிக்குறில் முன் ஒற்று இரட்டித்து, இலக்கணம் சரி. ஆனால் னகரத்தோடு உகரக் குறி ஒட்டிப் பாருங்கள்: மின்னுற்ற. ஒரு சுழிப்பு கூடினால் பொருள் நேர் எதிர். எண்ணெய்க் கை பட்ட பலகையை நான்கடி தள்ளி நின்று படிப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். நாற்பது ஆண்டுகளாக இப்படிப்பட்ட பிழைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றிரண்டு எப்போதும் தப்பிவிடும்.

கோயம்புத்தூர்:

இது எனக்குத் தோன்றவே இல்லை. 'மின்னற்ற' போயிற்று. இன்று புதன், மாலை ஆறு மணி. 'மின்நீக்கிய நிலை' என்று முடித்துக்கொள்ளலாமா?

யாழ்ப்பாணம்:

எதை எழுதினாலும் ஒன்று: பற்றரி ஒருநாளும் சாவதில்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் பெட்டிக்குள் ஒவ்வொரு கலமும் உயிரோடு இருக்கும். பெட்டியின் மூடியைத் திறப்பவனுக்கு உங்கள் பலகை பொய்ச் சாட்சி. 'பற்றரிப் பெட்டி நீங்கலாக' என்று சேர்க்காவிட்டால் என் வாக்கு இல்லை.

கோயம்புத்தூர்:

சேர்த்துவிட்டேன். ஐந்து பேர் 'மின்நீக்கிய நிலை' என்கிறார்கள், இருவர் மறுக்கிறார்கள், ஒருவர் இன்னும் மின்தடையில் இருக்கிறார். சொல்லுக்குக் கீழே மூன்று கோடுகள் விட்டிருக்கிறேன்: அளந்த வோல்ட், நேரம், அளந்தவர் கையெழுத்து. உண்மையில் நம்பப் போவது அந்தக் கோடுகளைத்தான் என்று என் சக ஆசிரியர் சொன்னார். மறுக்க முடியவில்லை. இன்று காலை ஒரு மாணவன் ரப்பர் கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்துக் கன்னத்தருகே வைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தான். பெருவிரல் நுனியில் காற்று கசிந்தது. கண்ணுக்கு நல்ல கையுறைதான். தூக்கிப் போட்டோம்.

மயிலாடுதுறை:

மின் + நீக்கிய, புணர்ந்தால் மின்னீக்கிய. தன் + நலம் தன்னலம் ஆவது போல. பலகையில் 'மின்நீக்கிய' என்று பிரித்து அடிப்பதை நான் ஏற்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

கோயம்புத்தூர்:

ஐயா, தகட்டுக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் இன்டர்லாக்குக்கு (இணைப்பைக் கழற்றினால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏற்பாடு) சொல் தேட வேண்டும், அப்போது வாருங்கள்.

மயிலாடுதுறை:

பிணை.