பொறியியல் சேரும் பெண்ணுக்கு என்னென்ன உதவி கிடைக்கும்?

கேள்வி: அக்கா மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி. கலந்தாய்வில் இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் பட்டதாரி யாருமில்லை. எதற்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்?

பதில் 1: அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டு இடமா என்று முதலில் பாருங்கள். ஆமென்றால் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும். இல்லையென்றால் இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்று எடுங்கள், கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அந்தச் சலுகை போய்விடும், அவசரப்பட வேண்டாம்.

பதில் 2: அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் வரும் மாதம் 1000 ரூபாயை விட்டுவிடாதீர்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் கிடைக்கும். கல்லூரி வழியாகப் பதியணும். பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் வங்கிக் கணக்குச் சிக்கலால்தான். கேஒய்சிக்கு (வங்கியின் அடையாளச் சரிபார்ப்பு) ஆதார் நகல் கொடுத்தது போதாது, அரசுப் பணம் வர ஆதாரைக் கணக்கோடு இணைக்கும் 'ஆதார் சீடிங்' படிவம் தனியாக எழுதிக் கொடுக்கணும்.

பதில் 3: மிச்சத்துக்குக் கல்விக்கடன். வித்யாலட்சுமி தளத்தில் போடுங்க. 4 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை.