வடமோடிக் கூத்து 3 மணி 10 நிமிடம்: டிவிடிக்கு என்ன ரெசலூஷன், எவ்வளவு பிட்ரேட்?

வாவிக்கரை (மட்டக்களப்பு):
வணக்கம். எங்கட ஊர்க் கூத்து அரங்கேற்றத்தின் வீடியோ 3 மணி 10 நிமிடம். 1080ஐ, செக்கனுக்கு 50 ஃபீல்ட் (ஒண்டுவிட்ட வரிகள் மட்டும் உள்ள அரைப்படம்). வயசான ஆக்கள் வீட்டில டிவிடி பிளேயர்தான் இருக்கு, அதனால டிவிடியாத்தான் வேணும். ஒரு 4.7 ஜிபி டிஸ்க்கில அடக்கினா, வரவாட்டத்தில (பாத்திரம் மேடைக்கு வரும்போது ஆடுற ஆட்டம்) சுழலும்போது உடுப்பு முழுக்கக் கட்டம் கட்டமா உடையுது. 352×576க்கு இறங்கினாச் சரிவருமா?

கல்முனை எடிட்டர்:
தம்பி, முதல்ல கணக்கு. 4.7 ஜிபி எண்டா 37,600 மெகாபிட். உங்கட நீளம் 11,400 செக்கன். வகுத்தா 3.3 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு இத்தனை மெகாபிட்), இதுதான் பிட்ரேட். மெனுவுக்கும் மக்சிங்குக்கும் (படத்தையும் ஒலியையும் ஒண்டாச் சேர்க்கிறது) 4% விடுங்க, ஏசி3 எண்ட சுருக்கின ஒலிக்கு 192 கேபிபிஎஸ் (கிலோபிட்) கழியுங்க. படத்துக்கு மிஞ்சுவது 3 எம்பிபிஎஸ்கூட இல்ல. கண்ணாடி பதிச்ச கிரீடமும் வேகமான ஆட்டமும் சேர்ந்த படத்தை 720×576 எம்பெக்-2இல (டிவிடியின் படச் சுருக்க முறை) இதுக்குள்ள அடக்க ஏலாது.

352×576 சாதாரணமா இந்த பிட்ரேட்டுக்குப் பொருத்தம்தான். ஆனா டிவிடி ஸ்டாண்டர்டில அந்த அகலத்துக்கு 16:9 கிடையாது. 4:3க்குள்ள மேலும் கீழும் கறுப்புப் பட்டி விட்டா, 576 வரியில படத்துக்கு 432தான் கிடைக்கும். முகபாவம் போயிரும். 352×288 பக்கமே போகாதீங்க, ஃபீல்ட் ஒண்டு போய் ஆட்டம் வெட்டி வெட்டி ஓடும்.

ரெண்டு டிஸ்க்காப் பிரியுங்க. ஒண்டுக்கு 95 நிமிடம், படத்துக்கு 6.1 எம்பிபிஎஸ் வரும். 720×576, 16:9, டூ-பாஸ் விபிஆர் (படத்தை ரெண்டு தரம் ஓட்டி, ஆட்டம் கூடின இடத்துக்குக் கூடப் பிட் குடுக்கிற முறை), உச்சம் 8. டிவிடி 9.8 வரை விட்டாலும், வீட்டில எழுதின டிஸ்க்கைப் பழைய பிளேயர் அந்த வேகத்தில வாசிக்கத் திணறும். ஒலியைப் பிசிஎம்மில (சுருக்காத ஒலி) விடவேண்டாம், அது மட்டும் 1.5 எம்பிபிஎஸ் தின்னும். மத்தளத்துக்கும் சல்லரிக்கும் ஏசி3 256 தாராளம்.

களரி வெளிச்சம் (அக்கரைப்பற்று):
எடிட்டர் அண்ணன் சொன்ன கணக்குச் சரி. நான் சொல்ல வாறது, 1080ஐ படத்தை நேரா 576க்குச் சுருக்கினா ரெண்டு ஃபீல்டும் கலந்து, கை அசையிற இடமெல்லாம் இரட்டை இரட்டையாத் தெரியும். முதல்ல செக்கனுக்கு 50 ஃபிரேமா டீஇன்டர்லேஸ் பண்ணி (ஒவ்வொரு ஃபீல்டையும் முழுப்படமாக்கி), பிறகு சுருக்கி, திரும்ப இன்டர்லேஸ் பண்ணுங்க. ஃபீல்ட் ஓடர் (எந்த அரைப்படம் முதல்ல எண்ட வரிசை) டொப் ஃபீல்ட் முதல். மாறினா ஆட்டக்காரர் முன்னுக்கும் பின்னுக்கும் நடுங்குவாங்க. கொம்பியூட்டர் திரையில இது தெரியாது. ரெண்டு நிமிடத்தை ஆர்டபிள்யூ (அழிச்சு எழுதக்கூடிய) டிஸ்க்கில எழுதி டிவியிலதான் பார்க்கணும்.

இரவுக் களரியில (கூத்து மேடையில) கமரா கெயின் ஏறியிருக்கும், இருட்டைச் சமாளிக்கக் கமரா படத்தைப் பெருக்கிறதால புள்ளி புள்ளியா வரும். அந்தப் புள்ளிகளுக்கே பிட்ரேட்டில பெரிய பங்கு போகும். லேசா டீனொய்ஸ் பண்ணினா (புள்ளிகளைக் குறைச்சா) அதே 6.1இல படம் தெளிவா நிக்கும். கூட்டினா உடுப்பின் சரிகை மெழுகிப் போகும், கவனம்.

வாவிக்கரை:
நன்றி ரெண்டு பேருக்கும். டபுள் லேயர் (ரெண்டு அடுக்கில எழுதுற) டிஸ்க்கில ஒண்டா அடிச்சா என்ன?

கல்முனை எடிட்டர்:
8.5 ஜிபியில 5.5 எம்பிபிஎஸ் கிடைக்கும், தரம் பரவாயில்ல. ஆனா பழைய பிளேயர்கள் பல லேயர் மாறும் இடத்தில நிண்டிரும், சிலது வாசிக்கவே வாசிக்காது. உங்களுக்கு வேண்டியதே அந்தப் பிளேயர்கள்தானே. ரெண்டு தனி டிஸ்க், ஒரு வரவு தொடங்கும் இடத்தில வெட்டுங்க. சரிபாதியா வராட்டி நீளமான பாதிக்குக் கணக்கைத் திரும்பப் போடுங்க. எழுதும் வேகம் 4x அல்லது 8x, முடிஞ்சதும் வெரிஃபை (எழுதினது சரியா எண்டு சோதிக்கிறது). கொம்பியூட்டர் வெறும் டிஸ்க்கை 4.38 எண்டு காட்டும், அது 1024ஆல கணக்குப் போடுறதால; அதுவும் அதே 4.7தான். மேல கடதாசி லேபல் ஒட்டாதீங்க, சுழலும்போது ஆடும். பேனையால எழுதினாப் போதும்.