பழைய தேக்குக் கதவில் விரிசல்: அடைப்பதா, பலகையை விடுவிப்பதா?

திருவல்லிக்கேணி வீடு:
தாத்தா காலத்து வீடு. தெருவாசல் இரட்டைக் கதவு, தேக்கு. இடது கதவின் மேல் பலகையில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். மே மாதத்தில் பத்து ரூபாய் நாணயம் உள்ளே போகும், ஐப்பசி மழையில் முடி அளவுக்குச் சுருங்கிவிடும். போன வருடம் லப்பம் வைத்துப் பெயிண்ட் அடித்தோம். இந்தக் கோடையில் அது பெயர்ந்து விழுந்துவிட்டது. என்ன செய்யலாம்?

சைதைக்காரன்:
லப்பம் நிற்கவே நிற்காது. அரால்டைட் பசையில் தேக்குத் தூளைக் கலந்து அடையுங்கள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது கதவு இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. கீழ்ச்சட்டம் பிளந்துவிட்டது. அரால்டைட் விட்டு, கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க இறுக்கினேன். இன்றுவரை அசையவில்லை.

இழைப்புளி:
சார், உங்களுடையது சட்டம், அவர்களுடையது பலகை. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது. மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். ஓர் அடி அகலத் தேக்குப் பலகை நம்ம ஊர் கோடைக்கும் மழைக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் வரை அசையலாம். அதற்காகத்தான் அந்தக் காலத்து ஆசாரிகள் பலகையைச் சட்டத்தில் ஒட்டாமல், சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடியில் சும்மா சொருகி வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் கோட் மேல் கோட்டாகப் பெயிண்ட் அடித்துக் காடியை அடைத்துவிட்டார்கள். இரண்டு ஓரமும் மாட்டிக்கொண்ட பலகை சுருங்க வழியில்லாமல் நடுவில் பிளந்திருக்கிறது. மே மாதத்தில் அரால்டைட் வைத்து அடைத்தால் மழையில் பலகை ஊதும்போது சட்டத்தின் மூட்டைத் தள்ளும். மழையில் அடைத்தால் அடுத்த மே மாதம் பக்கத்திலேயே புது விரிசல் விடும்.

சைதைக்காரன்:
காரணம் சரி. ஆனால் இந்த வேலைக்கு ஆள் எங்கே? நான் கேட்ட மூன்று தச்சர்களும் "தூக்கிப் போட்டுட்டு ஃபிளஷ் டோர் (சட்டம் தெரியாத தட்டையான கதவு) மாட்டுங்க" என்றார்கள். விரிசலை அப்படியே விட்டால் சாரல் இறங்கும், கரையானும் வரும். கிடைக்கிற வழியில் கதவைக் காப்பாற்றுவதுதான் முக்கியம்.

இழைப்புளி:
காப்பாற்றத்தான் சொல்கிறேன். சட்டத்தைக் கழற்ற வேண்டியதில்லை. மெல்லிய கத்தியால் காடி ஓரமாகப் பெயிண்டை நான்கு பக்கமும், கதவின் இரண்டு முகத்திலும் கீறுங்கள். கையால் தள்ளினால் பலகை அசைய வேண்டும். அசைந்தால் பாதி வேலை முடிந்தது. விரிசலின் உள்முகத்தைச் சுரண்டி, தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் தின்னரில் துடைத்து, இரண்டு துண்டையும் நெருக்கிப் பசை போடுங்கள். நெருங்கவில்லை என்றால் பழைய தேக்கில், ரேகை அதே திசையில் ஓடும்படி ஆப்பு மாதிரி ஒரு சீவல் எடுத்துச் சொருகி, காய்ந்தபின் இழைத்துவிடலாம். பசைக்கு அரால்டைட்டே போதும். அதில் உங்களோடு சண்டை இல்லை. பலகையை விடுவிக்காமல் ஒட்டாதீர்கள் என்பதுதான் என் வாதம். காடிக்குள் மட்டும் பசை ஒரு சொட்டும் இறங்கக் கூடாது.

மயிலை அம்மா:
நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுக் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டின் தூசி குழந்தைகளுக்கு ஆபத்து. தண்ணீர் தெளித்துத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், தூசியை ஈரத் துணியால் எடுங்கள்.

திருவல்லிக்கேணி வீடு:
இப்போதுதான் கீறிப் பார்த்தேன். விரிசலுக்கு வலது பக்கத் துண்டு லேசாக அசைகிறது. இடது பக்கம் அசையவே இல்லை. பெயிண்டைச் சுரண்டினால் மூன்று ஆணித் தலை தெரிகிறது. எப்போதோ தபால் பெட்டி மாட்டியபோது பலகையையும் சட்டத்தையும் சேர்த்து அடித்திருக்கிறார்கள்.

சைதைக்காரன்:
அப்படியென்றால் முதலில் ஆணிதான். நான் சொன்னதை அப்புறம் பார்க்கலாம். துருப்பிடித்த ஆணியைக் குறடால் நேராக இழுக்காதீர்கள், தலை முறிந்துவிடும். சுத்தியலால் உள்பக்கமாக லேசாக ஒரு தட்டு தட்டித் துருப்பிடியை விடுவித்துவிட்டு இழுங்கள். குறடுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள், பலகையில் தழும்பு விழாது.