ஞாயிற்றுக்கிழமை மௌக்லி: உங்க ஊர் நினைவுகளைச் சொல்லுங்க

தளி:
1993ல் தூர்தர்ஷனில் ஜங்கிள் புக், அதான் ஓநாய்கள் வளர்த்த மௌக்லி என்ற பையனின் கார்ட்டூன் தொடர், ஓட ஆரம்பித்தபோது நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது தளி, ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாமே தர்மபுரி மாவட்டம்தான். எங்கள் ஊரில் பஞ்சாயத்து டிவி ரூம் ஒன்று இருந்தது, சாவி கிளார்க்கிடம். ஞாயிறு விடிந்ததும் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவோம். அவர் குளித்து, களி தின்று, வெற்றிலை போட்டு எழுந்து வருவதற்குள் முதல் பாட்டு போய்விடுமே என்று கிடந்து தவிப்போம். அந்தப் பாட்டு குல்சார் எழுதியது, இசை விஷால் பரத்வாஜ் என்பதெல்லாம் ரொம்பப் பின்னால் தெரிந்தது. இந்தி ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் பாட்டு முழுசாக வரும்.

காடு எங்களுக்குப் புதுசில்லை. ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் கொல்லைக்கு இறங்கும். அப்பா ராத்திரி முழுக்கப் பரணில்தான் இருப்பார். பட்டாசுச் சத்தம், தகரத்தைத் தட்டும் சத்தம், காலையில் மிதிபட்ட பயிர். ஓடைக்கு அந்தப் பக்கம் எங்களை விடவே மாட்டார்கள். டிவியில் அப்படி ஒரு காட்டுக்குள் எங்கள் வயசுப் பையன் ஒருவன் கரடியோடும் கருஞ்சிறுத்தையோடும் பயமில்லாமல் திரிகிறான்! அதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் போகவில்லை. உங்களுக்கு எப்படி இருந்தது?

அஞ்செட்டி:
தளி அண்ணா, எங்கள் வீட்டில் கதையே வேறு. தாத்தா ஆடு மேய்த்தவர். பட்டியிலிருந்த ஆட்டுக்குட்டிகளை ஓநாய் தூக்கிப்போய் நஷ்டப்பட்டவர். மாமா வீட்டு டிவியில் முதல் தடவை பார்த்தபோது, "ஆட்டுக்குட்டியத் தூக்கறது மனுசக் குட்டிய வளக்குமா? நிறுத்துடா அத" என்று சத்தம் போட்டார். நிறுத்தவில்லை. அவரும் எழுந்து போகவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் அவரே முன்னால் வந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். பாறை இடுக்கில் குட்டி போட்டிருந்தால் தாய் மட்டுமில்லை, ஆண் ஓநாயும் இரை கொண்டுவருமாம். தின்றதைக் கக்கி ஊட்டுமாம். மேட்டில் படுத்துக்கொண்டு கண்ணால் பார்த்திருக்கிறார். இத்தனை வருஷம் ஓநாய் என்றாலே திட்டியவர், இதை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கல்லூரியில் விலங்கியல் படித்தபோது அதே விஷயம் பாடத்தில் வந்தது. தாத்தா அப்போது இல்லை. அந்தத் தொடர் மட்டும் வராமல் போயிருந்தால் அவருக்குள் இருந்த காடு எனக்குக் கிடைத்தே இருக்காது.

பாலக்கோடு:
அஞ்செட்டி தம்பி, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. எங்கள் தெருவில் எல்லாருக்கும் மௌக்லியின் பூமராங் மேல்தான் ஆசை, எறிந்தால் திரும்பி வரும் கோணல் கட்டை அது. கோணலான வேப்பங்கிளை எங்கே கிடைத்தாலும் விடமாட்டோம். பெண் பிள்ளை எதற்கு அதை எறிகிறாய் என்று கேட்ட அத்தையிடம், எங்கள் பாட்டிதான் எனக்காகப் பேசினார்.

ஓசூர்:
எங்கள் பக்கம் ஆன்டெனாவைப் பெங்களூர் பார்க்கத் திருப்பி வைத்திருப்போம். மற்ற நேரம் கன்னடம்தான் ஓடும். வில்லன் புலி ஷேர்கான் குரல் வரும்போது என் தம்பி அம்மா மடிக்குப் போய்விடுவான். அது இந்தி நடிகர் நானா படேகர் குரல். இன்றைக்குக் கேட்டாலும் முதுகு சிலிர்க்கிறது, நடிப்பு என்றால் அது.

இன்னொன்று, இதை ஜப்பான்காரர்கள் எடுத்தார்கள் என்று பலருக்குத் தெரியாது. நிப்பான் அனிமேஷன் 1989ல் தயாரித்த 52 பகுதிகள். மூலக்கதையான, கிப்ளிங் 1894ல் வெளியிட்ட புத்தகத்தில் காடு மத்தியப் பிரதேசத்துச் சியோனி. இந்தியக் காட்டை ஜப்பானில் வரைந்து, பம்பாயில் குரல் கொடுத்து, ஓசூரில் நாங்கள் பார்த்திருக்கிறோம். போன மாசம் என் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். கருஞ்சிறுத்தை பகீரா வந்ததும், இது நம்ம காட்டிலும் இருக்கா என்று கேட்டாள். கருஞ்சிறுத்தை தனி இனமில்லை, கருப்பாகப் பிறந்த சிறுத்தைதான், நம் காட்டில் சிறுத்தை உண்டு என்றேன். உடனே தேன்கனிக்கோட்டைக்குக் கிளம்பு என்கிறாள்.

தளி:
கூட்டிக்கிட்டு வாங்க. ராகி அறுப்புக்கு முன்னால் வந்தால் எங்கள் கொல்லைப் பரண் இருக்கிறது, பாப்பாவை ஏற்றிக் காட்டலாம். தாத்தா கதை இன்னும் இருந்தால் அஞ்செட்டி தம்பி எழுதணும், ஓநாய் பாறை எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து.